அந்த வருஷத்து ஆண்டவர்

ஆரஞ்சுக்காட்டு எஸ்டேட்டில் தவக்காலம் பிறந்துவிட்டால் சாந்தாமேரி வீட்டு வாசலில் வாழைநார் காயும். பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்காவுக்குச் சாட்டை பின்னுவது அவள் வேலை. பாஸ்கா என்றால் ஆண்டவர் பட்ட பாடுகளை ஊரே சேர்ந்து நடித்துக் காட்டுகிற நாடகம். அதில் சேவகர்கள் ஆண்டவரைத் தூணில் கட்டி அடிக்கிற கட்டம்தான் உயிர்நாடி. நார்ச் சாட்டையைச் சிவப்புச் சாயத்தில் முக்கி வீசினால் முதுகில் கோடு கோடாக விழும்; பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும், அடிபடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. ஈரத்துணியைக் கல்லில் போடுகிற மாதிரி சொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் புருஷன் சாகிறவரைக்கும் சேவகர் வேஷம் கட்டியவன். அந்தச் சத்தம் அவள் காதில் இருபது வருஷமாகக் குடியிருந்தது.

வேஷம் யாருக்கு என்று அந்த ஊரில் யாரும் சண்டை போட்டதில்லை. சண்டைக்கே இடமில்லாமல் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர், மேஸ்திரிமார்கள், சொந்தமாகக் கொஞ்சம் காப்பித்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மேட்டுத்தெரு. காப்பிப் பழம் பறிக்கிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கீழே லைன் வீடுகளில். இரண்டு பக்கமும் வேதக்காரர்கள்தான், ஒரே கோயில்தான், ஞானஸ்நானத் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான். கல்லறை மட்டும் இரண்டு. பாஸ்காவிலும் அந்தக் கணக்குத்தான். ஆண்டவர், மாதா, சீடர்கள் மேட்டுத்தெருவுக்கு. சேவகர்கள், இரண்டு திருடர்கள், சிலுவையில் போடு என்று கத்துகிற கூட்டம், இவையெல்லாம் லைனுக்கு. பன்னிரண்டு சீடர்களில் யூதாஸ் மட்டும் லைன்காரன். கடைசிப் பந்தியில் அவனுக்குத் தனியாக ஒரு முக்காலி போட்டு ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள்.

எண்பத்தெட்டில் புதுசாக ஒரு சாமியார் வந்தார். கடற்கரைப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, மலையும் புதுசு, ஊரும் புதுசு. சாந்தாமேரியின் மகன் ஆரோக்கியதாஸ் கோயிலில் பாடுவதைக் கேட்டார். ஒடிசலான உடம்பு, ஒட்டிய கன்னம், இளந்தாடி, கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொள்கிற குரல். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே, “இந்த வருஷம் ஆரோக்கியதாஸ்தான் ஆண்டவர்” என்று அறிவித்துவிட்டார். கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை.

சாந்தாமேரிக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே மகனுக்குக் கறி மீனை நிறுத்தினாள், செருப்பை எடுத்து ஒளித்து வைத்தாள். ஆண்டவர் வேஷம் கட்டுகிறவன் நாற்பது நாளும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

ஒத்திகை பள்ளிக்கூடத்துத் திண்டில் நடந்தது. கடைசிப் பந்திக்கு ஏற்காட்டு பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்திருந்தார் சாமியார். ஆண்டவர் அப்பத்தைப் பிட்டுச் சீடர்களுக்குக் கொடுக்க வேண்டும், சீடர்கள் வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆரோக்கியதாஸ் பிட்டுக் கொடுத்தான். மேட்டுத்தெருப் பையன்கள் வாங்கினார்கள், வாயருகே கொண்டுபோனார்கள், மெல்லுவது போலத் தாடையை அசைத்தார்கள், பிறகு இடுப்பு மடியில் சொருகிக்கொண்டார்கள். ஒத்திகைக்குத் தண்ணீர் கொண்டுவந்த சாந்தாமேரி இதைப் பார்த்தாள். அத்தனை பன்னையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாய் தின்றதையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “பசியில்லையாட்ட இருக்குதும்மா” என்றான். ஆனால் அன்றைக்கு அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் ரைட்டர் சூசைமாணிக்கம் சாமியாரைப் பார்க்க வந்தார். பாஸ்காவில் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லுவது எப்போதும் அவர்தான். அவர் மகன் இருதயராஜ்தான் மூன்று வருஷமாக ஆண்டவர் வேஷம் கட்டினவன்.

“ஏனுங்க சாமி, நம்ம பசங்க ஒரு யோசன சொல்றாங்க” என்றார் ரைட்டர், கையைக் கட்டிக்கொண்டு. “இத்தன வருசமா நாங்களே ஒசந்த எடத்துல ஒக்காந்துட்டம். இந்தத் தவக்காலத்துக்கு லைன் பசங்க சீடருங்களா ஒக்காரட்டுங்க. எங்க பசங்க சேவகனா நிக்கறாங்க. தாழ்ச்சி வேணுமுங்களே.”

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் பிரசங்கத்தில் சொன்னார். மலையில் ஒரு புதுமை நடக்கிறது என்றார். சாந்தாமேரியும் நம்பினாள். நாய் தின்ற பன்னைக் கண்ணால் பார்த்தவள்தான், ஆனாலும் நம்பினாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு மரியாதை வருகிறபோது அதன் அடியைத் தோண்டிப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? சாட்டைகளைப் பின்னி முடித்து, முறுக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, அவளே கொண்டுபோய் இருதயராஜிடம் கொடுத்தாள். “நொம்ப நல்லா இருக்குதுங்க்கா” என்று வாங்கிக்கொண்டான். முன்னே ஒருநாளும் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பாஸ்கா தொடங்கியது. நாகலூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் வந்த பஸ்கள் கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போயின. கரடியூர்ப் பக்கத்து மலைக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேதம் வேறு என்றாலும் பாஸ்கா பார்க்கத் தவறமாட்டார்கள். ரைட்டர் தன் செலவில் சேலத்திலிருந்து ஒரு வீடியோக்காரரைக் கூட்டி வந்திருந்தார். தோளில் கேமராவும் கூடவே ஒரு விளக்கும் வயருமாக அவர் மேடைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பாதிப் பேர் மேடையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள்.

கடைசிப் பந்தி நடந்தது. லைன் பையன்கள் பன்னை நிஜமாகவே தின்றார்கள், அதிலும் ஒருவன் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான். கூட்டம் சிரித்தது. பிறகு தோட்டத்தில் பிடிபட்டது, விசாரணை. பிறகு ஆரோக்கியதாஸின் மேலங்கியைக் கழற்றித் தூணில் கட்டினார்கள். சேவகர் வேஷத்தில் ஆறு பேர், முன்னால் இருதயராஜ். ரைட்டர் குரலை இறக்கி, ஆண்டவர் எப்படிப் பொறுமையாக இருந்தார் என்று மைக்கில் சொல்லத் தொடங்கினார்.

முதல் அடி விழுந்தது.

சொத்தென்று கேட்கவில்லை. விறகு பிளக்கிற மாதிரி பட்டென்று கேட்டது. பாயில் உட்கார்ந்திருந்த சாந்தாமேரி நிமிர்ந்தாள். இரண்டாவது அடி, மூன்றாவது. இருதயராஜின் கையில் இருந்தது அவள் பின்னின நார் இல்லை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மிஷினில் ஓடுமே தடித்த பெல்ட், அதை வாராகக் கிழித்து நுனியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதையும் சாயத்தில் முக்கித்தான் எடுத்திருந்தார்கள். அதனால் எது சாயம், எது ரத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

“அய்யோ, நெசமாலும் அடிக்கறானுங்க! எம் பையன நெசமாலும் அடிக்கறானுங்க!” என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

எழுந்து ஓடினது அவள் மட்டும் இல்லை. அதுதான் கொடுமை. பாஸ்காவில் அந்தக் கட்டம் வந்தால் பெண்கள் கத்துவார்கள், மாரில் அடித்துக்கொள்வார்கள், ‘அடிக்காதீங்கடா பாவிகளா’ என்று மேடைக்கு ஓடுவார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான். அவர்களைத் தடுக்கவே கையில் கயிற்றோடு பையன்களை நிறுத்தியிருப்பார்கள். போன வருஷம்வரை சாந்தாமேரியும் அப்படி ஓடினவள்தானே. இருதயராஜ் சாய அடி வாங்கினதற்கு அழுது மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். இந்த வருஷம் அவள் கத்தினபோது பக்கத்தில் பத்துப் பெண்கள் அதையே கத்தினார்கள். முன்வரிசையில் ரைட்டர் மனைவி இன்பமேரி மண்டியிட்டுக் கதறிக்கொண்டிருந்தாள்.

கயிறு பிடித்த பையன் சாந்தாமேரியை அணைத்துத் தடுத்தான். “அழுவாதீங்கக்கா. ஆண்டவர் நமக்காகத்தான் பாடுபடறாரு” என்றான், மிகவும் பக்தியாக.

“தாய்மார்கள் உணர்ச்சிவசப்பட வேண்டாம். அமைதியாக இருந்து ஜெபிக்கவும்” என்று மைக்கில் சொன்னார் ரைட்டர்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இருதயராஜ் குனிந்து ஆரோக்கியதாஸின் காதில் என்னவோ சொன்னான். அடி விழுந்துகொண்டே இருந்தது. சாந்தாமேரி கயிற்றின் மேல் சாய்ந்து, “நிறுத்தச் சொல்லு கண்ணு, வாயத் தொறந்து சொல்லு சாமி!” என்று மகனைப் பார்த்து அலறினாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தான். கூட்டம் அதைப் பார்த்து இன்னும் அழுதது.

அதற்குப் பிறகும் அவன் சிலுவையைத் தூக்கினான். கல்லறை மேடுவரை நடந்தான், மூன்று இடத்தில் விழ வேண்டும் என்பதற்கு ஏழெட்டு இடத்தில் விழுந்தான். சிலுவையில் கட்டின பிறகு தலை தொங்கிவிட்டது. இறக்கி மாதா வேஷக்காரன் மடியில் போட்டபோது, “அம்மாடி, என்னாங்கடா இவனுக்கு மூச்சு இப்படி இழுக்குது” என்று அந்தப் பையன் பயந்து எழுந்துவிட்டான். அதுவரை எல்லாம் நடிப்பென்றே நினைத்திருந்த சாமியார் அப்போதுதான் ஓடிவந்தார்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு வாரம் ரத்தமாகத்தான் ஒன்றுக்குப் போனான். உள்ளே கிட்னி அடிபட்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனிடம் பாரம் தூக்காதே என்றால் வேறு என்ன அர்த்தம் என்று அவருக்கு யார் சொல்வது? சாந்தாமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வராந்தாவில் நின்று அழுதாள்.

“எதுக்கு கண்ணு வாயத் தொறக்கல? ஒரு வார்த்த சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்களே” என்று கேட்டாள்.

ஆரோக்கியதாஸ் குப்புறப் படுத்தபடியே சொன்னான். “நான் பாதியில நிறுத்தச் சொல்லியிருந்தா, பாத்தீங்களா, லைன்காரனுக்குக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லியிருப்பாங்கம்மா. அப்பறம் எந்தக் காலத்துலயும் நம்மாளுக்கு அந்த வேசம் கெடைக்காது.”

“காதுல என்னடா சொன்னான் அவன்?”

அவன் முகத்தைத் தலையணையில் பதித்துக்கொண்டான். “இந்தக் கையில நாங்க பன்னு வாங்கித் திங்கோணுமான்னு கேட்டான். அதையேதான் கேட்டுட்டிருந்தான்.”

அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்த ஏட்டு நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். “ஏம்மா, நாடகத்துல பட்ட அடிக்கு கேஸ் குடுத்தா ஊர் சிரிக்காதா? உணர்ச்சிவசப்பட்டுக் கொஞ்சம் ஓங்கி அடிச்சிருப்பாங்க” என்றார். கூப்பிட்டு விசாரித்ததற்கு இருதயராஜும் அதையேதான் சொன்னானாம். நார் அறுந்துவிட்டது, கைக்குக் கிடைத்ததை எடுத்தோம், நடிப்பில் தன்னை மறந்துவிட்டோம் என்றானாம். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார் ஏட்டு.

சாட்சிக்கா பஞ்சம்? மூன்று பஸ் நிறைய ஜனம் பார்த்தது. லைனில் வீடு வீடாகக் கேட்டாள். அடுத்த வீட்டு ராசாத்தி, “நான் கண்ண மூடி அழுதுட்டிருந்தேன் சாந்தா, எனக்கென்ன தெரியும்” என்றாள். அது பொய்யில்லை. மற்றவர்கள் ரைட்டர் பெயரைக் கேட்டதும் அடுப்பைக் கவனிக்க உள்ளே போனார்கள்.

சாமியாருக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. “வீடியோ வரட்டும்மா. அதில் எல்லாம் இருக்குமே, சத்தம்கூட இருக்குமே. ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுகிறேன். ஏட்டையும் வரச் சொல்லுகிறேன். கண்ணால் பார்த்த பிறகு யார் மறுக்க முடியும்?” என்றார்.

சாந்தாமேரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டால் போதும், காது இருக்கிற எவனுக்கும் அது நார் இல்லை என்று தெரிந்துவிடும். இருதயராஜ் காதில் சொன்னதுகூட விழுந்திருக்கலாம். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கூன் போட்டு நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் பஸ் வருகிற நேரமெல்லாம் ரோட்டைப் பார்த்தாள்.

வீடியோ கேசட் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்து ஹாலில் டிவியும் கேசட் போடுகிற டெக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். மேட்டுத்தெரு முன்னால், லைன் பின்னால். ஏட்டு மஃப்டியில் வந்திருந்தார், தொப்பியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாந்தாமேரி மகனைக் கைபிடித்துக் கூட்டிவந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. முதலில் ஒரு ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து கோயில் வந்தது. கல்யாண வீடியோவில் பெயர் போடுகிற மாதிரியே பெயர்கள் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசிப் பந்தி வந்தது. பிறகு தூண் வந்தது.

சாந்தாமேரி ஏட்டின் பக்கம் சாய்ந்தாள். “இப்பக் கேளுங்க. சத்தத்த மட்டும் கேளுங்க.”

சத்தமே இல்லை. இருதயராஜ் கையை ஓங்கின அந்த நொடியில் ஒரு புல்லாங்குழல் எழுந்தது, அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல் உருகி உருகிப் பாடியது. சேலத்துக்காரர் தொழில் தெரிந்தவர். மேடைச் சத்தத்தை முழுசாக எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார். பெல்ட் மெதுவாகப் போய் மெதுவாக முதுகில் படிந்தது, பூமாலை விழுகிற மாதிரி. திரையின் ஓரமெல்லாம் தீ எரிகிற மாதிரி போட்டிருந்தார். இருதயராஜ் குனிந்து காதில் சொல்லுகிற இடத்தில் அவன் முகம் கரைந்து மேகமாகிவிட்டது. அப்புறம் கயிற்றின் மேல் சாய்ந்து வாயைத் திறந்து அலறுகிற சாந்தாமேரி வந்தாள். சத்தமில்லாத அலறல். அவளைச் சுற்றி ஒரு இருதய வடிவம் போட்டு, அதற்குள்ளேயே மகனைப் பறிகொடுத்து அழுகிற வியாகுல மாதா படமாக அவளை மாற்றியிருந்தார்.

ஹால் முழுக்க விசும்பல். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபமாலை சொன்னார்கள். பின்வரிசையில் லைன் ஜனமும் நெஞ்சில் தட்டிக்கொண்டது. ஏட்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். “உம் பையன் என்னமா நடிச்சிருக்கான் தாயி” என்றார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

சாந்தாமேரி எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். “இதில்ல! இப்படி இல்ல! பாட்டெல்லாம் இல்லீங்க, அது பெல்ட்டுங்க! எம் பையன அடிச்சு ஒடம்பையே கெடுத்துட்டாங்க!” என்றாள். யாரோ, “மறைக்காத சாந்தா, தள்ளு” என்றார்கள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. “சட்டையக் கழட்டு கண்ணு. கழட்டு. இவிய கண்ணால பாக்கட்டும்” என்று மகனிடம் சொன்னாள்.

அவன் தயங்கினான். பிறகு எழுந்து வந்து சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகு உழுது போட்ட மாதிரி இருந்தது. சில இடத்தில் இன்னும் தோல் மூடவில்லை.

ஹால் மூச்சடக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள் சாந்தாமேரி. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு பெரிய நிம்மதி. அப்போது முன்வரிசையில் ஒருவர் மண்டியிட்டார். அடுத்து இன்னொருவர். ஹாலே மண்டியிட்டது. “ஆண்டவரே, உம்முடைய காயங்கள்” என்று அழுகையோடு ஒரு குரல் கேட்டது. ரைட்டர் சூசைமாணிக்கம்கூடக் கைகுவித்துத்தான் நின்றார். இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இன்பமேரி எழுந்து வந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அது பொய்க் கண்ணீர் இல்லை. வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, நுனியை மட்டும் பிடித்து, ஆரோக்கியதாஸின் முதுகில் ஒற்றினாள். ஒற்றியதைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பின்னால் மேட்டுத்தெருப் பெண்கள் கைக்குட்டையோடு வரிசை கட்டத் தொடங்கினார்கள்.

“நெசமான காயமுங்க்கா இது” என்றாள் சாந்தாமேரி. “உங்க பையன் அடிச்சதுங்க.”

“நெசமாட்டவே இருந்துச்சு சாந்தா! அதான் எனக்கு இப்படி அழுவாச்சி வருது” என்றாள் இன்பமேரி.

சாந்தாமேரி அந்தக் கையைப் பிடித்தாள். ரைட்டர் மனைவியின் மணிக்கட்டை அந்த மலையில் லைன்காரி ஒருத்தி பிடிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கைக்குட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்த உள்ளங்கையை மகனின் முதுகில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். ஆரோக்கியதாஸ் வலியில் துடித்து, “அம்மா!” என்று கத்தினான். தூணில் கத்தாதவன் அங்கே கத்தினான்.

இன்பமேரி வீறிட்டுக் கையை உருவிக்கொண்டாள். பின்னுக்கு நகர்ந்தாள். கண்ணீர் இன்னும் கன்னத்தில் காயாமல் இருந்தது. அதோடேயே உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். முன்னும் பின்னும் திருப்பித் துடைத்தாள். போதாதென்று விரலிடுக்கிலும் துடைத்தாள்.

ஹாலில் ஜெபம் நின்றுபோயிருந்தது. டிவியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் கைக்குட்டைகளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்கள்.

“ஏட்டய்யா, இதும் நடிப்புங்களா?” என்று கேட்டாள் சாந்தாமேரி.

ஏட்டு மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.